மாதம் ஒரு முறை போதும்

ஜூன் 5

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சேராமல் இருந்தால், ஆஸ்பத்திரி வேலைக்காக என்னோடு தங்கியிருக்கிற உங்கள் மனைவிக்குத் தகவல் வந்திருக்கும், அவள் என்னிடம் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த இரண்டு பேர் முன்னால், நீங்கள் திருவாய் மலர்ந்தருளினீர்கள். "மாமாவுக்கு வேற வேலை இல்ல, அதான் தினம் சாயந்திரம் கம்ப்யூட்டரை டிஃப்ராக் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கார்." இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், எனக்குக் கீழே வேலை பார்த்தவர், இன்று காலையில் போன் செய்து "என்ன சார், இன்னைக்கு அடுக்கியாச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார்.

ஒரு ஃபைலைச் சேமித்தால் அது ஹார்ட் டிஸ்க்கில் முழுசாக ஒரே இடத்தில் உட்காருவதில்லை, காலி கிடைத்த இடத்திலெல்லாம் துண்டு துண்டாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக வைக்கிற டிஃப்ராக்கைச் செய்தால் கம்ப்யூட்டர் திணறாது என்று எனக்குச் சொன்னது யார்? நீங்கள். பெட்டியை இறக்கி வைத்த அன்றே சொன்னீர்கள். அன்று வாரம் ஒரு முறை என்றீர்கள். சாப்பாட்டு மேஜையில் மாதம் ஒரு முறை போதும் என்கிறீர்கள். அடுத்த தடவை வரும்போது வருஷம் ஒரு முறை என்பீர்களோ என்னவோ. நான் தினம் மாலை ஐந்து மணிக்கு அடுக்குகிறேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று காரணத்தோடு எழுத்தில் அனுப்பவும். போன் வேண்டாம். ஊரார் போனையெல்லாம் இணைத்துக் கொடுத்தவன் நான், போனில் பேசுகிறவர்கள் என்ன லட்சணத்தில் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வேறு குரலை உயர்த்துவீர்கள். காகிதத்தில் அது முடியாது.

இப்படிக்கு,
வேறு வேலை இல்லாத மாமனார்


ஜூன் 8

மாமா அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு மூன்று பேர் காத்திருக்கும்போது உட்கார்ந்து படித்தேன். மிச்ச வாழ்நாளில் யாராவது எனக்கு டிஃப்ராக் பற்றித் தபால் எழுதுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

எழுத்தில் கேட்டீர்கள், எழுத்தில் தருகிறேன். மாதம் ஒரு முறை போதும். அதுகூட, பத்து சதவீதத்துக்கு மேல் சிதறியிருந்தால்தான். தேவை இருந்தால் மட்டும் செய்ய வேண்டும், சும்மா சும்மா தொடக் கூடாது. அலமாரியில் உள்ள துணியைத் தினம் கீழே கொட்டி மறுபடி மடித்து வைத்தால் துணிதான் நைந்துபோகும். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஊசி மாதிரி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்கும் ஆயுசு உண்டு. வாரம் ஒரு முறை என்று அன்று நான் சொன்னது, உங்களுக்குப் பொழுது போகட்டும் என்றுதான். அதை நீங்கள் சட்டமாக்கி, சட்டத்துக்குத் திருத்தம் வேறு போட்டுவிட்டீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் திணறியதற்குக் காரணம் சிதறல் இல்லை, அடைசல். அதனால்தான் அன்று சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கோபித்துக்கொண்டு படுத்திருந்தபோது நானே சுத்தம் செய்தேன். பழைய தற்காலிக ஃபைல்கள், நீங்கள் நாலு தடவை சேமித்த ரயில் அட்டவணையில் ஒன்று போக மிச்சம், "குப்பை" என்று பெயரே வைத்திருந்த ஒரு ஃபோல்டர், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு, கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டேன். குப்பை என்று எழுதி ஒட்டிப் பத்திரப்படுத்துகிற மனிதரை என் தொழிலில் இப்போதுதான் பார்க்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம்.

உங்கள் பெண்ணிடம் இதைப் பற்றிப் புலம்ப வேண்டாம். பேச்சுப் பயிற்சி முகாமுக்குப் போன இடத்தில் அவளுக்கு ஆயிரம் வேலை.

மாப்பிள்ளை


ஜூன் 12

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று பதினோரு மணித் தபாலில் வந்தது. நேற்று முதல் தினம் இரண்டு முறை அடுக்குகிறேன். காலை ஒன்று, மாலை ஒன்று. நேற்றுக் காலைக் கணக்கைத் தபால்காரர் போன கையோடு முடித்துவிட்டேன்.

என் வீட்டில், என் பெட்டியில், நான் படுத்திருக்கும்போது கை வைத்ததைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். ரயில் அட்டவணை நாலு பிரதி இருந்தது நாலு பருவத்துக்கு. உங்களுக்கு எல்லா ரயிலும் ஒரே ரயில்தான். "குப்பை" நான் வைத்த பெயர் அல்ல. என் பெட்டியில் குப்பை என்று ஒன்று இருந்ததே நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. இருந்தாலும் காலி இடம் நிறையக் கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திரையில் வெள்ளைக் கட்டங்கள் ஒரு பக்கம் மொத்தமாக வந்துவிட்டன. முன்பு சிவப்பாகச் சிதறிக் கிடந்தவை ஒவ்வொன்றாக நீலமாகி அந்த வெள்ளைக்குள் போய் உட்காருகின்றன. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தால் மனசு நிறைகிறது. உங்களைப் போல ஸ்க்ரூ திருகிப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியாது.

ஒவ்வொரு முறையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சிதறல் சதவீதம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுகிறேன். எக்ஸ்சேஞ்சில் பழகிய கை. அடுத்த தடவை வந்தால் பார்க்கலாம். வராவிட்டாலும் பாதகமில்லை.

உங்கள் மனைவி இருபத்தாறாம் தேதி திரும்புகிறாள். திக்கிப் பேசுகிற நாற்பது குழந்தைகளை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாளாம். சாப்பிடுகிறாளா என்று தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

மாமனார்


ஜூன் 16

மாமா அவர்களுக்கு,

சிதறல் சதவீதம் என்று ஒரு பத்தி போட்டிருக்கிறீர்களே, அதில் தினமும் பூஜ்யம்தானே வரும்? பூஜ்யத்தை மறுபடி அடுக்கினால் என்ன வரும்? உங்கள் நண்பர் சிரித்ததில் தப்பே இல்லை.

கடைக்கு வந்த ஒரு பள்ளிக்கூட கிளார்க்கிடம் உங்கள் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். "அவருக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் குடுங்க சார்" என்றார். யோசிக்கிறேன்.

அவள் சாப்பிடுகிறாளா என்று எனக்கும் தெரியவில்லைதான். போன் செய்தால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். உங்கள் வளர்ப்பு.

மாப்பிள்ளை


ஜூன் 27

மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவி நேற்று மத்தியானம் வந்தாள். பையை வைத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, குப்பை எங்க?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "காலையிலேயே வாசல்ல வெச்சாச்சும்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுபடி தேடினாள். அரை மணி நேரம் மௌஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வெளியே வந்து, "நான்தான் எங்கயோ மாத்தி வெச்சிருப்பேன். களைப்பா இருக்கு, நாளைக்குத் தேடறேன்" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். சாப்பிடவில்லை. அப்போதுதான் உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் நினைவுக்கு வந்தது. எடுத்துப் படித்தேன். இருக்கிறது. உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

அந்தக் "குப்பை" ஃபோல்டர் அவளுடைய ஆய்வேடு. ஆறு வருஷம். பகலில் ஆஸ்பத்திரி, சனி ஞாயிறில் இந்தப் பெட்டி. ஜூலை முப்பத்தொன்றுக்குள் கொடுத்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் பேச்சுப் பயிற்சிப் பிரிவு அவள் பொறுப்பு. இதெல்லாம் அவள் இன்று காலையில் தேடிக்கொண்டே சொன்னது. எனக்கு முன்பே தெரிந்த மாதிரி உட்கார்ந்து தலையாட்டினேன்.

கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர் அல்லவா நீங்கள். திறந்து பார்க்காமல் ஒரு ஃபோல்டரைத் தூக்கிப் போடுகிற ஆளுக்குக் கடை ஒரு கேடா? போட்ட நீங்களே எடுத்துக் கொடுங்கள். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மாமனார்


ஜூன் 30

மாமா,

கம்ப்யூட்டரை உடனே அணைத்துவிடுங்கள். அவளையும் தொட விடாதீர்கள். ரிப்பேர் என்று சொல்லுங்கள்.

அழித்த ஃபைல் உடனே அழிவதில்லை. அந்த இடத்துக்குக் "காலி" என்று பேர் மட்டும் மாறும், எழுத்தெல்லாம் அடியில் அப்படியே இருக்கும். அதன் மேல் வேறு ஏதாவது வந்து உட்காரும்வரை என்னால் தோண்டி எடுக்க முடியும். வருகிற வாடிக்கையாளர்களில் மாதம் இரண்டு மூன்று பேருக்காவது எடுத்துக் கொடுக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். நான் கிளம்பியதிலிருந்து எத்தனை முறை டிஃப்ராக் செய்தீர்கள்? அது காலி இடத்தில்தான் எல்லாவற்றையும் கொண்டு வந்து அடுக்கும். சண்டைக்கு எழுதுகிற கணக்கு வேண்டாம், உண்மைக் கணக்கு வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிக் கூரியரில் அனுப்புங்கள். பின்பக்கம் நாலு ஸ்க்ரூ, உள்ளே இரண்டு வயர். ஸ்க்ரூ திருகிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், மெதுவாகத் திருகுங்கள்.

அவள் என்னிடம் மூன்று தடவை கேட்டாள், இதையெல்லாம் ஒரு சிடியில் எழுதிக் கொடு என்று. மூன்று தடவையும் அடுத்த தடவை என்றேன். சிடி என் பையிலேயே இருந்தது. அது ஏதோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை


ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

டிஸ்க்கைப் பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். ஸ்க்ரூ நான்கும் தனி உறையில்.

குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறேன். நீங்கள் பஸ் ஏறிய அன்று மாலையிலிருந்து பத்தாம் தேதி வரை தினம் ஒன்று, எட்டு. பதினொன்றிலிருந்து இருபத்தைந்து வரை தினம் இரண்டு, முப்பது. இருபத்தாறாம் தேதி காலை ஒன்று.

இருபத்தாறாம் தேதி மாலையும் ஒன்று. அவள் தேடிவிட்டுப் போய்ப் படுத்த பிறகு. ஐந்து மணி ஆயிற்று, கை தானாகப் போய்விட்டது. முடிந்த பிறகுதான் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஆக நாற்பது.

இருபத்தாறு மாலையில் செய்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் எப்படியும் என்னை மட்டமாகத்தான் நினைக்கிறீர்கள், அதனால் எழுதிவிட்டேன்.

மாமனார்


ஜூலை 10

மாமா அவர்களுக்கு,

ஆறு நாள் கடையைப் பாதி சாத்திவிட்டுத் தோண்டினேன். கிடைத்தது ஒரு பக்கம். முழுப் பக்கம் இல்லை, பதினோரு வரி. ஒரு குழந்தையோடு அவள் பேசியதை அப்படியே எழுத்தில் எடுத்து வைத்திருக்கிறாள். "எ-எ-எ-எங்க வீ-வீட்டுல" என்று தொடங்குகிறது. ஏழு வயசுப் பையன். ஒவ்வொரு திக்கலுக்கும் அது எத்தனை நொடி நீடித்தது என்று பக்கத்தில் குறித்திருக்கிறாள். பதினோராவது வரியில் அவன் "நா-நா-" என்கிறான். அதற்கு மேல் உங்கள் ரயில் அட்டவணை வந்து உட்கார்ந்திருக்கிறது.

அழித்த ஒரு வாரத்துக்குள் டிஸ்க் என் கைக்கு வந்திருந்தால் பாதியாவது எடுத்திருப்பேன். நீங்கள் மாதம் ஒரு முறை செய்கிற மனிதராக இருந்திருந்தால் மொத்தமும் எடுத்திருப்பேன். நாற்பது முறை மண்ணை அள்ளிப் போட்டு மெழுகியிருக்கிறீர்கள். ஒரு வேலையில்லாத மனிதன் ஒரு வீட்டுக்கு எவ்வளவு கேடு செய்ய முடியும் என்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். சரி, முதலில் தூக்கிப் போட்டவன் நான். அதையும் நானே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் எழுதுவீர்கள்.

ஒரு யோசனை. டிஸ்க்குக்கு ஏழு வயசு. அதுவாகவே செத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். நம்புவாள். டிஸ்க் சாவதில் யார் மேலும் தப்பு இல்லை. என்னால் இதை அவளிடம் போனில் சொல்ல முடியாது. நீங்கள் நேரில் சொல்லுங்கள். "தேய்ந்துபோச்சு" என்று மட்டும் சொன்னால் போதும்.

மாப்பிள்ளை


ஜூலை 16

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் யோசனையைப் படித்ததும் உங்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. படித்து முடித்ததும் அதையே செய்தேன். என் மேல் இருந்ததும் போயிற்று.

சனிக்கிழமை காலை, சமையலறையில், அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "டிஸ்க் தேஞ்சு போச்சாம்மா. மாப்பிள்ளை பார்த்துட்டார்."

"எதனால தேஞ்சுதாம்?"

"வயசாச்சாம்."

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு என் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். மேஜை மேல் குறிப்பேடு இருந்தது, நாற்பது வரியும் நேர்க்கோட்டில். அதைப் புரட்டினாள். பிறகு இழுப்பறையைத் திறந்தாள். உங்கள் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, நான் எழுதியவற்றின் நகலையும் இடையிடையே செருகிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். என் புத்தி உங்களுக்குத் தெரியுமே. அவள் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முதல் கடிதத்திலிருந்து கடைசிக் கடிதம் வரை படித்தாள். நான் வாசற்படியில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏன் குப்பைன்னு பேர் வெச்சேன் தெரியுமா? இந்த வீட்ல எதை எங்க வெச்சாலும் எடுத்துப் பார்த்து, தட்டி, வேற வரிசைல வெப்பீங்க. என் டைரியக்கூட உயரவாரியா அடுக்கினீங்க. நீங்க கை வெக்காத ஒரே பொருள் குப்பைதான்பா. அவர் வந்து தூக்கிப் போடுவார்னு நினைக்கல. நினைச்சிருக்கணும். அவருக்கு மேல எழுதியிருக்கறதைப் படிச்சாப் போதும், உள்ள பார்க்கவே வேண்டாம். அன்னைக்கு நான் பக்கத்து ரூம்லதான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். 'இது உன்னோடதா?'ன்னு ஒரு குரல் குடுத்திருந்தாப் போதும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு ரெண்டு பேரும் ஒரு மாசமா எழுதியிருக்கீங்க. நாய்க்குட்டி வரைக்கும் வந்திருக்கு. ஆறு வருஷத்துல ஒரு தடவை, ரெண்டு பேர்ல ஒருத்தர், 'சனிக்கிழமை ஆனா உக்காந்து என்னம்மா டைப் பண்றே'ன்னு கேட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. சிதறல் சதவீதத்தை நாற்பது முறை கேட்டிருக்கிறேன்.

அவளிடம் கையெழுத்து நோட்டுகள் பதினான்கு இருக்கின்றன. முதலிலிருந்து மறுபடி எழுத ஒரு வருஷம் ஆகுமாம். பட்டம் அடுத்த வருஷம், பொறுப்பு வேறு யாருக்கோ. நான் படித்துச் சொல்கிறேன், நீ டைப் செய் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். மாலையில் ஒரு வண்டி வந்தது. நோட்டுகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி விடுதிக்குப் போய்விட்டாள். அங்கே கம்ப்யூட்டர் அறை இருக்கிறதாம்.

வண்டியில் ஏறும்போது, எப்போதம்மா வருவாய் என்று கேட்டேன்.

"மாசம் ஒரு தடவை வரேன்பா. போதும்னு உங்க மாப்பிள்ளையே எழுத்துல குடுத்திருக்காரே."

மாப்பிள்ளை, அது போதாது. உங்களிடம் முதல் நாளே சொன்னேன், மாதம் ஒரு முறை போதாது என்று. நீங்கள்தான் கேட்கவில்லை.

மாமனார்


ஜூலை 21

மாமா,

அவள் போன் செய்தாள். நாலு நிமிஷம். நான் எப்போது வரலாம் என்று கேட்டேன். "ஜூன் எட்டாம் தேதி எழுதினதை எடுத்துப் பாரு" என்றாள். அது உங்களிடம் இருக்கிறது, என்னிடம் நகல் இல்லை என்றேன். அவளே மனப்பாடமாகச் சொன்னாள். "தேவை இருந்தால் மட்டும். சும்மா சும்மா தொடக் கூடாது." வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அதை எழுதிவிட்டு, எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பதினோரு வரியை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவள் வரும்போது கொடுங்கள். ஒட்டவோ ஓரம் வெட்டவோ வேண்டாம், அப்படியே கொடுங்கள். அந்தப் பையன் "நா-நா-" என்று நிற்கிற இடத்தில் அடுத்த வார்த்தை என்ன என்று அவளுக்கு நினைவிருக்கும். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நீங்கள் எனக்காகக் கேட்க வேண்டாம், உங்களுக்காகக் கேளுங்கள்.

உங்களுக்காவது மாதம் ஒரு முறை என்று ஒரு கணக்கு கொடுத்திருக்கிறாள். அவள் வந்து போன அன்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்குப் போனாள், சாப்பிட்டாளா. உங்கள் குறிப்பேட்டில் எழுதுவது போலவே எழுதினால் போதும், நான் சிரிக்க மாட்டேன்.

மாப்பிள்ளை